டைரியில் நான் போட்ட கையெழுத்து

“நாலு எழுத்து படிச்சிட்டா நீ டாக்டராயிடுவியா?” என்று மாமா கேட்டார். மாமா என்றால் என் அக்காவின் கணவர். வலையில் சிக்கிய நண்டின் காலை விடுவித்துக்கொண்டே கேட்டார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவருடைய மகளுக்குக் கவனம் நிற்காத கோளாறு ஒன்று இருக்கலாம், பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்க் காட்டலாம் என்று அப்போதுதான் சொல்லி முடித்திருந்தேன்.

“சோம்பேறித்தனம் பண்ணிகினு கீது. அதுக்கு ஒரு வியாதி பேரு புடிச்சிகினு வந்துகீறாங்க டீச்சரம்மா.”

நான் டீச்சர் இல்லை. மந்தைவெளியில் ஒரு பல் மருத்துவரின் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை பார்க்கிறேன். மாமா கிண்டலுக்காகத்தான் அப்படிக் கூப்பிடுவார். ஆனால் அந்தக் கிண்டல் எனக்குப் பிடிக்கும். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் படித்து முடித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மாமாவும் பள்ளிக்கூடம் போனதே இல்லை. அக்கா இரண்டாம் வகுப்போடு நின்று, அம்மாவோடு மீன் கூடை தூக்கப் போனாள். நான் பி.காம். முடித்தேன். இதைச் சொல்லும்போது இன்றும் என் முதுகு தானாக நிமிரும். இந்தக் கதையை எழுதும்போதும் நிமிரத்தான் செய்கிறது, அதை மறைத்துப் பயனில்லை.

பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டிய எங்கள் குப்பத்தில் எங்கள் வீட்டுக்கென்று ஒரு வழக்கம் உண்டு. எழுத்து உள்ள எதுவும் முதலில் என் கைக்கு வரும். ரேஷன் கடைச் சீட்டு, கரண்ட் ஆபீஸ் கடிதம், ஆஸ்பத்திரிச் சீட்டு எதுவானாலும் நான் வேலையிலிருந்து வரும்வரை டி.வி. மேல் காத்திருக்கும். நான் படித்துச் சொல்வதுதான் அதில் எழுதியிருப்பது. சரிபார்க்க வேறு ஆள் கிடையாது.

அக்கா மகளை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோது நான் கல்லூரியில் கடைசி வருடம். அடையாறு பக்கம் ஒரு இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடம். தலைமை ஆசிரியை அக்காவின் கையில் ஒட்டியிருந்த மீன் செதிலைப் பார்த்துவிட்டு, “வீட்ல யார் சொல்லிக் கொடுப்பாங்க?” என்று கேட்டார். “நான், மேடம். நான் டிகிரி படிக்கிறேன்” என்றேன். பாதுகாவலர் என்ற கட்டத்தில் என் பெயரை எழுதினார்கள். வெளியே வந்த பிறகு பஸ் ஸ்டாப் வரைக்கும் அக்கா என் கையை விடவில்லை.

ஒன்றாம் வகுப்பிலிருந்தே டைரியில் சிவப்பு மை வர ஆரம்பித்துவிட்டது. வகுப்பில் கவனிப்பதில்லை. பென்சில் பெட்டியை மறுபடியும் தொலைத்துவிட்டாள். எழுத ஆரம்பித்த பக்கத்தை முடிப்பதில்லை. பெயர் சொல்லி மூன்று முறை கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். ஜன்னலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், பெற்றோர் நேரில் வந்து பார்க்கவும். ஒவ்வொன்றின் கீழும் நான் கையெழுத்துப் போட்டேன்.

“இன்னாமே எழுதிகீறாங்க?” என்று அக்கா கேட்பாள்.

“நாளைக்குக் கலர் பேப்பர் எடுத்தாரணுமாம்க்கா.”

அதைத் தவிர வேறு பொய் எனக்கு வாயில் வரவில்லை. அக்கா உடனே கடைக்குப் போய் வாங்கி வருவாள். மஞ்சள், பச்சை, ரோஸ் என்று வீட்டில் கலர் பேப்பர் ஒரு கட்டாகவே சேர்ந்துவிட்டது. ஏன் மறைத்தேன் என்று எனக்குத் தெரியும். அந்தச் சிவப்பு மை எல்லாம் பிள்ளையைப் பற்றியதாக எனக்குத் தோன்றவில்லை, என்னைப் பற்றியதாகத் தோன்றியது. டிகிரி படித்தவள் சொல்லிக் கொடுக்கிறேன் என்றாயே, இதுதானா லட்சணம் என்று அந்த டீச்சர்கள் என்னைக் கேட்பதுபோல இருந்தது.

அதனால் அவளை உட்கார வைத்தேன். தினமும் சாயங்காலம் இரண்டு மணி நேரம். ஏழாம் வாய்ப்பாடு இன்று வரும், நாளை காலையில் இருக்காது. கணக்கை எழுதிக்கொண்டே இருப்பாள், திடீரென்று பென்சில் நின்றிருக்கும், கண் எங்கேயோ போயிருக்கும். உலுக்கினால் திடுக்கிடுவாள். முட்டாள் என்றும் சொல்ல முடியாது. கரையில் நிற்கும் அத்தனை படகும் யாருடையது, எதில் எந்தப் பக்கம் பெயின்ட் உரிந்திருக்கிறது, போன வாரம் எது முதலில் வந்து சேர்ந்தது என்று ஒன்று விடாமல் சொல்வாள். சிப்பி பொறுக்க உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் தலை நிமிராது. பிடித்ததைச் செய்ய முடிகிறது, படிப்பென்றால் மட்டும் முடியவில்லை என்றால் அது திமிர்தானே என்று நான் முடிவு கட்டினேன். தெருவிளக்கில் படித்துப் பாஸ் செய்தவள் நான். உட்கார்ந்தால் படிப்பு வரும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் தெரியாது.

அவள் நாலாம் வகுப்பில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை. மீன் பெட்டிக்கு ஐஸ் கொட்டி, மூடி, மேலே கல் வைக்கச் சொல்லிவிட்டு அக்கா குளிக்கப் போனாள். பிள்ளை ஐஸ் கொட்டினாள். மூடியைக் கையில் எடுத்தாள். அதோடு வாசலில் எதையோ பார்த்துக்கொண்டு போய்விட்டாள், மூடி அவள் கையிலேயே இருந்தது. அக்கா திரும்பி வந்தபோது நாய்கள் பெட்டியைக் கவிழ்த்திருந்தன. அன்றைய மீன் மொத்தமும் மண்ணில் கிடந்தது.

அக்கா கத்தவில்லை. என்னிடம் வந்தாள். “நீ படிச்சவ. நீ சொல்லு. இவ தெரியாம பண்றாளா, வோணும்னே பண்றாளா?”

“சித்தி, நான் வேணும்னு பண்ல சித்தி” என்று பிள்ளை சொன்னாள்.

“வாய மூடு” என்றேன் அவளிடம். அக்காவிடம், “வேணும்னேதான்க்கா பண்றா” என்றேன். அன்று காலையில்தான் வாய்ப்பாட்டோடு அவளிடம் மல்லுக்கட்டித் தோற்றிருந்தேன்.

அக்கா அடுப்பைப் பற்ற வைத்துக் கரண்டியைத் தீயில் காட்டினாள். எங்கள் பக்கத்தில் அடங்காத பிள்ளைக்குச் சூடு வைப்பது புதிதல்ல, எனக்கும் சின்ன வயதில் ஒன்று உண்டு. ஆனால் இது சும்மா பயமுறுத்த வைத்த சூடு இல்லை. இடது கெண்டைக்காலில், முழு நீளத்துக்கு. நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வாசனை கொஞ்ச நேரம் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. பிறகு நான்தான் மருந்து தடவினேன். தடவும்போதே அவள் கண் கூரையில் ஊர்ந்த பல்லியின் மேல் போய்விட்டது. இதற்கும் புத்தி வரவில்லையே என்று அப்போது நினைத்தேன்.

ஐந்தாம் வகுப்பு முடியப்போகும் சமயம் பள்ளிக்கூடத்திலிருந்து, பிள்ளையிடம் நம்பர் வாங்கி, அக்காவின் போனுக்கே கூப்பிட்டார்கள். எந்தப் பாடத்திலும் தேறவில்லை, ஆறாம் வகுப்புக்கு இங்கே சேர்த்துக்கொள்ள முடியாது, வேறு இடம் பாருங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்கள். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு பிள்ளையைப் பார்த்தாள். “போதும். ஜூன்ல இருந்து என்கூட வரட்டும். மீனாவது வெட்டக் கத்துக்கட்டும்.” அவள் கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் தனக்கு நடந்ததைத்தான் சொன்னாள், அதனால் அது எனக்குக் கோபத்தைவிடப் பயமாக இருந்தது.

அதே வாரத்தில் ஒருநாள் கிளினிக்கில் பதினொரு வயதுப் பெண் ஒருத்தியைப் பல் பிடுங்க அழைத்து வந்திருந்தார்கள். மயிலாப்பூர்க்காரர்கள். அவர்கள் நிரப்பிக் கொடுத்த படிவத்தில், தற்போது சாப்பிடும் மாத்திரைகள் என்ற இடத்தில் எனக்குப் பழக்கமில்லாத ஒரு பெயர் எழுதியிருந்தது. எதற்கு என்று அவள் அம்மாவிடம் கேட்டேன். டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்பதால்தான் கேட்டேன்.

“இவளுக்குக் கவனம் நிக்காதும்மா. அதுக்குத்தான். துருதுருன்னு ஓடிண்டு இருந்தா எங்களுக்கே முன்னாடியே தெரிஞ்சிருக்கும். இவ பாட்டுக்குச் சும்மா உக்காந்துண்டு இருப்பா. பாதியில எல்லாத்தையும் விட்டுடுவா. எல்லாத்தையும் தொலைப்பா. சோம்பேறின்னு நெனச்சுண்டு நாலு வருஷம் திட்டித் தீர்த்தேன்.” அந்தம்மா மகளின் தலையைத் தடவினார். “அதை நெனச்சாத்தான் இப்பவும் தூக்கம் வரமாட்டேங்கறது. பெண் குழந்தைகள்ல லேசுல கண்டுபிடிக்க முடியாதாம்.”

அடுத்த நோயாளியைக் கூப்பிடும் முன், அந்த மாத்திரையின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி என் பையில் வைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம்தான் மாமாவிடம் சொல்லி, டாக்டராயிடுவியா என்ற அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டேன். அக்கா அவ்வளவு சுலபமாக ஒதுக்கவில்லை. யோசித்துவிட்டு ஒரு கணக்கு வைத்தாள். “சரி, இட்டுகினு போலாம். டாக்டரு வியாதின்னா, மருந்து துன்னுகினு படிக்கட்டும். ஒண்ணுமில்லன்னா ஜூன்ல மார்க்கெட்டு. அதுக்கப்புறம் நீ இதப் பத்திப் பேசக் கூடாது.” நான் ஒத்துக்கொண்டேன்.

அரசு ஆஸ்பத்திரியில் குழந்தைகள் மனநலப் பிரிவு என்ற பலகையை நான் வாய்விட்டுப் படிக்கவில்லை. படித்திருந்தால் அக்கா வாசலிலேயே திரும்பியிருப்பாள். முதலில் காது கேட்கிறதா, கண் தெரிகிறதா, ரத்தம் குறைவா என்று பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு ஒரு பெண் டாக்டர் அக்காவை எதிரில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, பிரசவம் எப்படி. அப்புறம், “ஸ்கூல்ல எந்த வயசுலேருந்து கம்ப்ளைன்ட் வருது?”

“ஒரு கம்ப்ளைன்ட்டும் வந்ததில்லம்மா” என்றாள் அக்கா. “அஞ்சு வருசமா ஒண்ணுமில்ல. டைரில கலர் பேப்பரு கேப்பாங்க, அவ்ளோதான். இப்பத்தான் திடீர்னு சேத்துக்க மாட்டோம்னு சொல்றாங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார். “நீங்க சொல்லுங்க. சின்ன வயசுல ஏதாவது?”

அப்போது சொல்லியிருக்கலாம். அக்கா பக்கத்தில் இருந்தாள். “அப்படி ஒண்ணும் இல்ல மேடம்” என்றேன்.

டாக்டர் பிள்ளையின் காலைப் பார்த்தார். தழும்பை. எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு அரை மணி நேரம் அவளோடு தனியாகப் பேசினார். திரும்பக் கூப்பிட்டபோது அவர் முகம் மாறியிருந்தது. இந்தக் கோளாறு பத்து வயதில் திடீரென்று முளைப்பதில்லை, சின்ன வயதிலிருந்தே வீட்டிலும் பள்ளியிலும் தெரியும் என்றார். சமீபத்தில்தான் ஆரம்பித்தது என்றால் பயத்தாலோ அடியாலோ இருக்கலாம், அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்றார். பள்ளி டீச்சர் நிரப்ப ஒரு படிவம் கொடுத்து மூன்று வாரம் கழித்து வரச் சொன்னார்.

அவர் சொன்னதில் தவறே இல்லை. அவருக்குக் கிடைத்த தகவலை வைத்துச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அக்காவுக்கு அதில் ஒன்றுதான் கேட்டது. “வியாதி இல்லன்ட்டாங்க பாரு” என்றாள் ஆஸ்பத்திரி வாசலில்.

ஜூன் வரைகூடக் காத்திருக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே பிள்ளையை அருவாமனையின் முன்னால் உட்கார வைத்தாள். நான் தடுக்கவில்லை, ஒத்துக்கொண்டவள் நான். பத்து மணிவாக்கில் கடலுக்கு மேலே தாழ்வாக ஒரு ஹெலிகாப்டர் போனது. அவள் தலை தூக்கிப் பார்த்தாள். மீனைத் தள்ளிக்கொண்டிருந்த கை நிற்கவில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாலு தையல்.

தையல் போட்டு வந்து அவள் படுத்திருந்தாள். அன்று மத்தியானம் நான் பரணிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை இறக்கினேன். எங்கள் வீட்டில் எழுத்து உள்ள எதையும் தூக்கிப் போடமாட்டோம். எது தேவைப்படும், எது படாது என்று மற்றவர்களுக்குத் தெரியாததால் எல்லாவற்றையும் கட்டி வைப்பார்கள். ஐந்து வருட டைரிகளும் அதில் இருந்தன. அக்கா கையில் செதிலோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து ஒன்றாம் வகுப்பிலிருந்து வாசித்தேன். சிவப்பு மையில் எழுதியிருந்ததை மட்டும், எதையும் மாற்றாமல், இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொல்லி.

மூன்றாம் வகுப்பு டைரி பாதி முடிந்தபோது அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். “அப்போ கலர் பேப்பரு?”

“கேக்கலக்கா. நான் பொய் சொன்னேன்.”

“ஒரு தபாகூடவா கேக்கல?”

“ரெண்டு தடவை கேட்டாங்க.”

அக்கா கட்டாகக் கிடந்த அந்தக் கலர் பேப்பரைத் திரும்பிப் பார்த்தாள். “நான் சூடு வெச்சப்ப நீ பக்கத்துலதான நின்னுகினு இருந்த?”

“ஆமா.”

“வோணும்னே பண்றான்னு நீதான சொன்ன?”

“ஆமா.”

“இதெல்லாம் அப்பவே உனக்குத் தெரியும்.”

அவள் எழுந்து, குழாயடியில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன், அடித்தாலும் பரவாயில்லை என்று இருந்தது. இரண்டும் நடக்கவில்லை. ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு மட்டும் போட்டாள்.

இரண்டாவது முறை போனபோது டைரிகளை டாக்டரின் மேஜையில் வைத்தேன். அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார். “யார் கையெழுத்து?”

“என்னுது மேடம். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்லல.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் டீச்சர் நிரப்பிய படிவத்தையும் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத ஆரம்பித்தார். கவனக்குறைபாடுதான். ஓடியாடாத வகை. மூளை கவனத்தைப் பிடித்து நிறுத்தும் விதத்தில் பிறவியிலேயே உள்ள வேறுபாடு, வளர்ப்பால் வருவதில்லை. பிடித்த வேலையில் மூழ்கிப் போவதும் அதில் சேர்ந்ததுதான், திமிர் இல்லை.

அக்கா கேட்டாள்: “நான் சூடு வெச்சதால வந்துச்சா?”

“இல்லம்மா. ஆனா சூடு வெச்சா இது போகாது. அவளுக்குப் பயம்தான் கூடும், பயந்தா கவனம் இன்னும் சிதறும்.” பிறகு அதே குரலில், “இன்னொரு தடவை வெச்சீங்கன்னா நான் மேலிடத்துக்கு எழுதியே ஆகணும்” என்றார். அக்கா தலையசைத்தாள். பிறகு டாக்டர் சொன்னதை எல்லாம் என்னைக் கேட்காமல், தானே ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டாள். ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் சொல்ல வேண்டும். சொல்லும்போது பக்கத்தில் போய், முகம் பார்த்துச் சொல்ல வேண்டும். பத்து நிமிடப் படிப்பு, பிறகு எழுந்து நடக்க விட வேண்டும். பள்ளியில் முதல் பெஞ்ச். முடித்ததை உடனே பாராட்ட வேண்டும். காலையில் சாப்பிட்ட பிறகு ஒரு மாத்திரை. அது எல்லாக் கடையிலும் கிடைக்காது, மாதாமாதம் அங்கேயே வந்து, எடை பார்த்து, நாடி பார்த்து வாங்க வேண்டும்.

முதல் மாதம் நன்றாக இல்லை. பிள்ளைக்குப் பசி போய்விட்டது. மத்தியானச் சோறு அப்படியே தட்டில் கிடந்தது. ஒரு மூலையில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கேள்வி கேட்ட அதே மாமா, “இன்னாமே, புள்ள பொம்ம மாரி ஒக்காந்துகீது. எனக்கு அந்த வாயாடிதான் வோணும். நிறுத்திடலாமா?” என்று என்னிடமே வந்து கேட்டார். நிறுத்தவில்லை, திரும்பப் போய்ச் சொன்னோம். அளவைக் குறைத்தார்கள். அதன் பிறகு வாயாடி கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தாள். ஒருநாள் ஒரு முழுப் பக்கம் எழுதி முடித்து, முடிந்துவிட்டதை நம்பாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மறுநாள் அந்த நோட்டையே எங்கேயோ தொலைத்துவிட்டாள். இப்படித்தான் போகிறது.

டாக்டரின் சான்றிதழோடு பள்ளிக்கூடத்தில் போய் நின்றோம். அரையாண்டுத் தேர்வு வரை ஆறாம் வகுப்பில் உட்காரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றார்கள். அதற்கு மேல் எதுவும் உறுதி இல்லை.

பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, அவள் கையில் தையல் போட்ட இடத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “சித்தி, மாத்திர போடாத அன்னிக்கு நான் கெட்ட பொண்ணா?” உள்ளேயிருந்து அக்கா, “மாத்திர இருந்தாலும் இல்லாட்டியும் நீ என் பொண்ணுதான். வாய மூடிகினு வந்து துன்னு” என்றாள். பிறகு வெளியே வந்து என்னிடம் சொன்னாள். பத்தாம் நாளிலிருந்தே பேச ஆரம்பித்திருந்தாலும், அன்றுதான் நேராக முகத்தைப் பார்த்துச் சொன்னாள். “இனிமே டைரிய நீ படிச்சு சொல்ல வோணாம். அவங்களே எனக்குச் சொல்லட்டும்.”

அது நியாயம்தான். எங்கள் வீட்டுப் பெரியவர்களில் எழுத்து தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பது இன்றும் எனக்குப் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமையை இனி ஒரு பிள்ளையின் டைரிக்குக் கீழே நான் எழுதக் கூடாது.

திங்கட்கிழமை கிளினிக்கில் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, அக்காவோடு வகுப்பு ஆசிரியையைப் போய்ப் பார்த்தேன். என் கையெழுத்தை இனிமேல் ஏற்க வேண்டாம், பிள்ளையைப் பற்றி நல்லதோ கெட்டதோ எதுவானாலும் தமிழில் பேசிப் பதிவு செய்து அவள் அம்மாவின் போனுக்கே அனுப்புங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தேன். பிறகு அலுவலகத்தில் அந்தப் பழைய படிவத்தை வாங்கி, பாதுகாவலர் என்ற கட்டத்தில் இருந்த என் பெயரை ஒரே கோட்டில் அடித்தேன். அக்காவின் பெயரையும் அவள் எண்ணையும் எழுதினேன். அக்கா பக்கத்தில் நின்று, ஒவ்வொரு எண்ணாகச் சொல்லிச் சரிபார்த்தாள்.